எடை மேடையில் தொடங்கிய மலைப் பயணம்

வேலூரைப் பற்றி எங்கள் பக்கத்தில் வழங்கும் பழைய சொலவடையில் ‘நீரில்லா ஆறு, மரமில்லா மலை’ என்ற இரண்டும் தவறாமல் வரும். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் மலைதான். ஆனால் சித்திரை வெயிலில் அந்தப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவு முழுவதும் ஊர்மீதே திருப்பிக் கொட்டும். மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கும், தொரப்பாடியில் மரப் பட்டறை வைத்திருக்கும் என் கணவருக்கும், மரமுள்ள மலையில் விடியும்வரை இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் காலையில் போய் மாலையில் திரும்பிய பயணங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் பனி இறங்கும் முன்னிரவும் பறவைகள் எழும் விடியலும் அப்படிப் போய் வருகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. அந்த இரண்டு பொழுதுகளுக்காகத்தான் சென்ற ஆடி மாதம் ஒரு பழைய வேனை வாங்கி, அதைப் படுத்துறங்கும் வண்டியாக மாற்றத் தொடங்கினோம்.

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட, ஐந்து பேர் அமரும் சிறிய வேன். பெரிய வண்டி வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் கொண்டை ஊசி வளைவுகளே காரணம். இன்னொரு முடிவையும் தொடக்கத்திலேயே எடுத்தோம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே தகட்டை வெட்டுவது, பற்றவைப்பது, இருக்கையை நிரந்தரமாக எடுத்துவிடுவது ஆகிய எதையும் செய்யவில்லை. பின்னிருக்கையின் சாய்வை மடக்கி, அதற்கு மேலே கட்டில் அமரும். நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் எல்லாமே வெளியே வந்துவிடும். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் இந்த ஒன்றையாவது எங்களைப் போலவே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவற்றில் நாங்கள் முதலில் செய்ததைச் செய்யாமல், இரண்டாவதாகச் செய்ததைச் செய்வது நல்லது.

முதல் கட்டில் 19 மி.மீ. நீர் தாங்கும் பிளைவுட்டில், தேக்குக் கால்களுடன், அடியில் மூன்று இழுப்பறைகளோடு உருவானது. என் கணவர் செய்யும் கட்டில் மூன்று தலைமுறைக்கு நிற்க வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். கை தட்டினால் ‘கிண்’ என்று நின்றது. அதன்மேல் இலவம் பஞ்சு மெத்தை போட்டோம். மின்சாரம் என் பொறுப்பு. வீட்டில் மாற்றாக இருந்த 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரியையும் ஒரு இன்வெர்ட்டரையும் அப்படியே வண்டியில் வைத்தேன். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்கள் மூன்று, ஐந்து கிலோ எரிவாயு சிலிண்டர், பாத்திரங்கள், கூரையில் கேரியர், கருவிப் பெட்டி என்று வண்டி ஒரு குடித்தனமாக நிரம்பியது. எதை ஏற்றினாலும் இடம் இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தோம். எடை எவ்வளவு என்று ஒருமுறைகூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஏலகிரிக்குப் புறப்பட்டோம். ஏலகிரி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. எங்கள் வயதினருக்கு இன்னும் அது வடாற்காடுதான். பொன்னேரியில் தொடங்கும் மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். ஏறும்போது இரண்டாம் கியரிலேயே போக வேண்டியிருந்தது, ஏசியை அணைத்தோம், எஞ்சின் வெப்பமானி நடுக்கோட்டைச் சற்றே தாண்டியது. அதற்கு மேல் தொல்லை இல்லை.

அத்தனாவூருக்கு அருகே ஒரு தங்கும் விடுதியின் வளாகத்தில் கட்டணம் செலுத்தி வண்டியை நிறுத்தினோம். காப்புக்காட்டிலோ ஆளில்லாச் சாலையோரத்திலோ இரவு தங்குவதில்லை என்பது எங்கள் விதி. காட்டுக்குள் தங்க வனத்துறை அனுமதி வேண்டும், அடுப்பு மூட்டுவது அதைவிடப் பெரிய தவறு. அந்த இரவு மழை தூறிக்கொண்டிருந்ததால் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிட்டுப் படுத்தோம். விடியற்காலையில் நெற்றியில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து எழுந்தேன். கூரை ஒழுகுகிறது என்று கணவர் டார்ச் விளக்கோடு வெளியே போய்ப் பார்த்தார். கூரை ஒழுகவில்லை. உறங்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை வெளியிடுகிறார். இரண்டு பேருடைய அரை லிட்டர் ஆவி, போக வழியின்றிக் குளிர்ந்த தகட்டில் படிந்து எங்கள்மீதே விழுந்திருந்தது. மெத்தையின் அடிப்பக்கமும் நனைந்திருந்தது.

இறங்கும்போது நடந்ததைத்தான் விரிவாக எழுத வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். கணவர் ஓட்டினார். மூன்றாம் கியரில், வளைவுக்கு முன் பிரேக், வளைவு முடிந்ததும் சிறிது வேகம், மீண்டும் பிரேக் என்று இறங்கினோம். மேலிருந்து எட்டு வளைவுகளைக் கடந்து ஆறாம் எண் வளைவை நெருங்கியபோது கருகிய ரப்பர் போன்ற வாடை உள்ளே வந்தது. “என்னங்க, எதுவோ எரியுற மாதிரி இல்ல?” என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. “பெடல் உள்ள போகுதும்மா” என்றார்.

அவர் பதறவில்லை. பெடலை இரண்டு மூன்று முறை விரைவாக அழுத்தி எடுத்ததில் கொஞ்சம் பிடிப்பு வந்தது. உடனே இரண்டாம் கியருக்கு மாற்றி, பின்பு முதலாம் கியருக்கு வந்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, வளைவின் மலைப்பக்கம் அகலமாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார். நான் குதித்து இறங்கி முன் சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்தேன். இடது முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. அந்த வழியாக வந்த ஒருவர் தண்ணீர் ஊற்றச் சொன்னார், ஊற்றவில்லை. சக்கரத்தோடு சுழலும் கொதிக்கும் பிரேக் டிஸ்க்கில் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணும், விரிசல்கூட விடும். நாற்பது நிமிடம் காத்திருந்தோம். பெடல் பழைய இறுக்கத்துக்குத் திரும்பியது. மிச்சமிருந்த வளைவுகளை முதலாம் கியரில் ஊர்ந்தே கடந்து பொன்னேரியை அடைந்தோம்.

பிரேக் தளர்வது இருவகையாக நடக்கும் என்பதை ஓட்டுநர்கள் பிரித்து அறிந்துகொள்வது நல்லது. முன் சக்கர டிஸ்க்கைப் பிடிக்கும் பேடும், பின் சக்கர டிரம்மை உரசும் லைனிங்கும் அளவு மீறிச் சூடானால் அவற்றின் உராய்வு குறையும். அப்போது பெடல் கல்லைப் போல் இறுக்கமாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. எங்களுக்கு நடந்தது இன்னொன்று. பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. நீர் சேர்ந்த நிலையில் 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு அவை 230, 155. சக்கரத்தருகே ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால், பெடல் தரும் அழுத்தம் முழுவதும் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். திரவம் சுருங்காது, வாயு சுருங்கும். பாஸ்கல் விதியை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்திய எனக்கு, என் கணவரின் காலடியில் அது பொய்த்துப்போன அந்த நொடி இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்து எடை மேடையில் வண்டியை ஏற்றினோம். நாங்கள் இருவரும் உட்பட 1,430 கிலோ. பதிவுச் சான்றிதழ் அனுமதிக்கும் மொத்த எடைக்குள்தான் இருந்தது. ஆனால் மிச்சம் நூறு கிலோகூட இல்லை. அன்றிரவு பழைய வகுப்பு நோட்டு ஒன்றில் கணக்குப் போட்டேன். கைப்பேசியின் உயரமானிப்படி மேலுள்ள ஊருக்கும் அடிவாரத்துக்கும் ஏறத்தாழ 600 மீட்டர் வேறுபாடு. 1,430 கிலோவை அவ்வளவு உயரத்திலிருந்து இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல் 84 லட்சம் ஜூல். 30 டிகிரியில் உள்ள 28 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். இதில் ஒரு பகுதியை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். எஞ்சினுக்கு வேலை கொடுக்காமல் மூன்றாம் கியரில் இறங்கினால் பெரும்பகுதி இரண்டு டிஸ்க்கிலும் இரண்டு டிரம்மிலும் போய்ச் சேரும். நாம் ஏற்றும் ஒவ்வொரு நூறு கிலோவும் அந்த அண்டாவில் இன்னும் இரண்டு லிட்டரைச் சேர்க்கிறது. நோட்டைக் கணவரிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “அப்போ கட்டில்ல ஆரம்பிக்கணும்” என்றார். அந்தக் கட்டிலை அவர் எவ்வளவு ஆசையாகச் செய்தார் என்று எனக்குத் தெரியும்.

முதலில் பிரேக். எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் நான்கு சக்கரங்களையும் கழற்றினார். பேடை டிஸ்க்கின்மீது அழுத்தும் காலிப்பர், கைடு பின் என்ற கம்பியில் வழுக்கி நகர வேண்டும். இடது முன் காலிப்பரில் அந்தப் பின் துருப்பிடித்து நகர மறுத்தது. அதனால் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தச் சக்கரத்தில் மட்டும் புகை வந்ததற்கு அதுதான் காரணம். பின் பிரேக் ஷூக்களின் லைனிங் இரண்டு மி.மீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தது. ஆயில் தொட்டியைத் திறந்து காட்டி, “டீச்சர், இது ஆயில் இல்ல, டிக்காஷன்” என்றார். வாங்கும்போது முழு சர்வீஸ் முடிந்த வண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்தச் சொல்லை நம்பி, ஆயிலின் நிறத்தைக்கூடப் பாராமல் மலையேறியது எங்கள் தவறு. பின்னைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, உயர்வெப்பம் தாங்கும் கிரீஸ் தடவி, புதிய ரப்பர் உறையோடு மாட்டினோம். பேட், ஷூ இரண்டும் புதிது.

பழைய ஆயிலையும் அதிலுள்ள காற்றுக் குமிழ்களையும் வெளியேற்றும், பட்டறைப் பேச்சில் ‘ஏர் எடுப்பது’ எனப்படும் வேலையை மெக்கானிக்கின் மேற்பார்வையில் நாங்கள் இருவருமே செய்தோம், இனி ஆண்டுதோறும் நாங்களே சரிபார்க்க வேண்டும் என்பதற்காக. தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். எங்கள் வண்டியில் அது இடது பின் சக்கரம், அடுத்து வலது பின், இடது முன், கடைசியாக வலது முன். ஆயிலை வெளியே விடும் சிறு திருகான பிளீடர் நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையைச் சிறிது புதிய ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவைத்தேன். கணவர் உள்ளே அமர்ந்து பெடலை நான்கு முறை அழுத்தி ஐந்தாவது முறை அழுத்திப் பிடிப்பார். “புடிச்சிட்டேன்” என்று குரல் வந்ததும் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். பெடல் தரையைத் தொடுவதற்குள் மூடிவிட்டு, “விடுங்க” என்பேன். இந்த வரிசை மாறி, நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் கருப்பாக வந்தது. பிறகு பழுப்பாக, இடையிடையே ஊசிமுனை அளவு குமிழ்களுடன். ஏழெட்டு முறைக்குப் பிறகுதான் தேன்நிறத்தில் தெளிவாக வந்தது. இடையில் தொட்டியில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டாட் 4 ஆயில் ஒரு லிட்டர் வாங்கியதில் முக்கால் லிட்டருக்கு மேல் செலவானது. சிந்திய ஆயில் பெயிண்ட்டை அரிக்கும் என்பதால் பட்ட இடங்களையெல்லாம் உடனே தண்ணீர்விட்டுக் கழுவினோம். வேலை முடிந்தபின் பெடலை மிதித்துப் பார்த்தேன். பாதி தூரத்திலேயே சுவர்போல் நின்றது.

இந்த மொத்த வேலைக்கும் ஆன செலவு, பின்னால் வாங்கிய பேட்டரியின் விலையில் சிறு பகுதிதான். வேன் கட்டுகிறவர்கள் பலரும் கட்டிலையும் விளக்கையும் முதலில் செய்கிறார்கள். மலைக்குப் போவதானால் பிரேக் வேலைதான் முதலில் நடக்க வேண்டும். அது முடியாத வண்டிக்குள் ஓர் ஆணியும் அடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது கட்டில். பழையதைத் தராசில் வைத்தபோது இழுப்பறைகளோடு 110 கிலோ இருந்தது. மரத்தைத் தவிர வேறு எதிலும் கை வைத்திராத என் கணவர், ஒரு அங்குலச் சதுர அலுமினியக் குழாயை வாங்கிவந்து, இரண்டு நாள் அதை அறுத்தும் துளைத்தும் பழகினார். சட்டத்துக்குக் குழாய், மேல்பலகைக்கு 9 மி.மீ. பிளைவுட். மெல்லிய பலகை வளையாதிருக்க அடியில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு குறுக்குச் சட்டம் வைத்தார். பலகையில் கை அகலத்துக்கு ஒன்றாக, ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய துளைகளை ஹோல் கட்டரால் வெட்டினார். மெத்தைக்கு அடியில் காற்று போய்வந்தால் ஈரம் தங்காது. எடையும் கொஞ்சம் குறையும். ஒவ்வொரு துளையின் விளிம்பையும் உப்புத்தாளைச் சுருட்டி விட்டு வழித்தெடுத்தபோது, தேக்குக் கட்டிலுக்குக் காட்டிய அதே பொறுமையை அவரிடம் கண்டேன். மலைச்சாலை அதிர்வில் சாதாரண நட்டுகள் தளர்ந்துவிடும் என்பதால் எல்லா இடத்திலும் உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலாக் நட்டு. இழுப்பறைகளுக்குப் பதிலாகத் துணிப்பெட்டிகள். மேல்பலகை ஒரே துண்டாக இல்லாமல், தனித்தனியே தூக்கக்கூடிய மூன்று மூடிகளாக அமைந்தது. புதிய கட்டில் 46 கிலோ. முடிந்ததும் அவர் அதன் நடுவில் முழங்காலிட்டு, உடல் எடை முழுவதையும் கொடுத்து ஆட்டிப் பார்த்தார். ஒரு முனகலும் இல்லை.

மின்சாரத்தில் என் தவறு அதைவிடப் பெரியது. அந்த டியூபுலர் பேட்டரி மட்டும் 58 கிலோ. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும். கண்ணாடி மூடிய வண்டியில், தலைமாட்டில் அதை வைத்துக்கொண்டு உறங்கியிருக்கிறோம். இதை நான் நன்கு அறிவேன். அறிந்தும் ‘வீட்டில் சும்மா கிடக்கிறதே’ என்ற எண்ணத்தில் ஏற்றினேன். இந்த முறை தேவையிலிருந்து தொடங்கினேன். 12 வோல்ட் மின்விசிறி 25 வாட், எட்டு மணி நேரம், ஐந்து வாட் எல்இடி விளக்குகள் இரண்டு, நான்கு மணி நேரம், இரண்டு கைப்பேசிகள். கூட்டினால் ஓர் இரவுக்கு 270 வாட் மணி. 50 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட்டில் 640 வாட் மணி தருகிறது. இரண்டு இரவுக்குப் போதும். அதன் எடை ஆறு கிலோ. எல்லாக் கருவிகளும் 12 வோல்ட்டிலேயே இயங்குவதால், ஒன்றையும் இயக்காதபோதே மின்சாரம் குடித்துக்கொண்டிருந்த 12 கிலோ இன்வெர்ட்டர் வெளியேறியது.

கேரியரில் 100 வாட் சூரியத் தகடு. வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற, வண்டியின் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்காமல், இடையில் 10 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜரை வைத்தேன். லித்தியம் பேட்டரி இழுக்கும் மின்னோட்டத்தை அது கட்டுக்குள் வைக்கும், இரவில் வண்டியின் பேட்டரி இறங்கிவிடாமலும் காக்கும். சூரியத் தகட்டிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சோலார் கன்ட்ரோலரில் பேட்டரி வகையை லித்தியம் என்று மாற்ற மறக்கக் கூடாது. நேர்முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ், 4 சதுர மி.மீ. வயர், தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம். இந்த மூன்றிலும் சிக்கனம் பார்க்கவில்லை.

தண்ணீர் மூன்று கேனுக்குப் பதில் ஒன்று. மலையில் ஊர்கள் இருக்கின்றன, குழாய்கள் இருக்கின்றன. பஞ்சு மெத்தைக்குப் பதில் ஃபோம் மெத்தை. பாத்திரங்களில் பாதியை எடுத்து வீட்டில் வைத்தேன். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மூன்று விரல் அளவு இறக்கி வைக்கும்படி, காந்தப் பட்டை தைத்த கொசுவலையும் மழை நுழையாத சிறு மறைப்பும் செய்தோம். ஒருபக்கம் காற்றை உறிஞ்சி வெளியேற்றும்படி விசிறியைத் திருப்பி வைத்ததும் கூரையில் நீர் படிவது நின்றது. மீண்டும் எடை மேடைக்குப் போனோம். 1,240 கிலோ. சீட்டை வாங்கிய கணவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது.

தை மாதத்தில் அதே ஏலகிரிச் சாலையில் சோதித்தோம். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய விதி. இந்த முறை இறங்கியது முழுவதும் இரண்டாம் கியரில். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. பிரேக்கை வளைவுக்கு முன் மட்டும், அழுத்தமாக, குறுகிய நேரம் பயன்படுத்தினோம். எதிரே ஏறிவரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டோம். குறுகிய மலைச்சாலையில் ஏறுகிறவருக்கே முன்னுரிமை. ஏழு வளைவுகளுக்குப் பிறகு நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தேன். பளபளக்கும் டிஸ்க்கில் அந்தக் கருவி வெப்பத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால் காலிப்பரின் கருத்த உடலைக் குறிவைத்தேன். இடப்பக்கம் 84 டிகிரி, வலப்பக்கம் 81. எண்கள் சிறியவையாக இருந்ததைவிட, இரண்டும் அருகருகே இருந்ததுதான் எனக்கு நிம்மதி தந்தது. கைடு பின் ஒழுங்காக நகர்கிறது என்பதற்கு அது சான்று.

மாசி பிறந்ததும் ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டோம். ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர், அங்கிருந்து ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பெயர்போனது. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் கட்டிலுக்கு அடியில் பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்று மூடிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினோம். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. பழைய கட்டிலாக இருந்தால் மெத்தையைச் சாலையில் இறக்கி, இழுப்பறைகளைக் கழற்ற வேண்டியிருந்திருக்கும்.

காவலூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1986இல் செயல்படத் தொடங்கிய, வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் உள்ளது. மாணவர்களைப் பேருந்தில் அழைத்துவந்து காட்டிய இடம். ஆனால் அந்த மலையின் இரவை அப்போது ஒருநாளும் நான் பார்த்ததில்லை. வானம் இருளாக இருக்க வேண்டிய பகுதி என்பதால், வண்டியின் வெளிவிளக்கை எடுத்துவிட்டு, உள்ளே தரையை நோக்கி மட்டும் ஒளி விழும் மஞ்சள் விளக்குகளை மாட்டியிருந்தேன்.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி அந்த மலையின் பழங்குடியினரான மலையாளிகளில் ஒரு குடும்பத்தின் களத்தில், அவர்கள் சம்மதத்தோடு வண்டியை நிறுத்தினோம். களம் சற்றுச் சரிவு. கணவர் ரசமட்டத்தைக் கட்டில்மீது வைத்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஆப்புக் கட்டைகளை இடப்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் கொடுத்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை வண்டியை அங்குலம் அங்குலமாக முன்னே நகர்த்தச் சொன்னார். அதன்பின் கைப்பிரேக், கியர், கல். இரவு எட்டரைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் பின்கதவைத் தூக்கினோம். தெற்கே மலைமுகட்டுக்கு மேல் அகத்தியர் நட்சத்திரம். தலைக்கு மேலே திருவாதிரையின் செந்நிறம். வேலூரில் எங்கள் மாடியிலிருந்து எண்ணிவிடக்கூடிய விண்மீன்களே தெரியும். இங்கே எண்ணுவதற்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. காவலூர் 12.5 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். அதிகாலை மூன்று மணிக்குக் கணவரை எழுப்பித் தென்சிலுவையைக் காட்டினேன். 36 ஆண்டு மணவாழ்வில் அவர் அதைப் பார்ப்பது அதுவே முதல் முறை. கட்டிலை விட்டு இறங்காமலே, போர்வைக்குள் இருந்தபடி பார்த்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூரையின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தேன், உலர்ந்தே இருந்தது.

விடியலில் களத்து வேலிக்கு அப்பால் மூடுபனி பள்ளத்தாக்கை நிறைத்திருந்தது. வெயில் ஏற ஏற, மரங்களின் உச்சிகள் ஒவ்வொன்றாக அதிலிருந்து வெளிப்பட்டன. இரவு முழுவதும் விசிறி ஓடியும் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பகலில் பீமன் அருவிக்கு நடந்து போய்வந்தோம். மாசியில் அதில் நீர் மெலிந்திருந்தாலும் பாறைக் குடைவுகளில் தேங்கியது குளிர்ந்து தெளிந்திருந்தது. அன்றிரவும் அதே களத்தில்தான்.

மறுநாள் புறப்படும்போது அந்த வீட்டு அம்மா சாமை அரிசி விற்பதாகச் சொன்னார்கள். கணவருக்குச் சாமைச் சோறு மிகவும் பிடிக்கும். இருபது கிலோ மூட்டை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வண்டிக்கு அருகில் வந்ததும் நின்று என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் கேனைத் தட்டிப் பார்த்தேன். முதல்நாள் மாலை நிரப்பியது, முழுவதும் இருந்தது. வழிக்கு ஒரு பாட்டில் மட்டும் பிடித்துக்கொண்டு, மிச்சத் தண்ணீரை இருவருமாகத் தூக்கிக் களத்தோரம் நின்ற முருங்கைக் கன்றுக்கு ஊற்றினோம். மூட்டையைக் கேன் இருந்த இடத்திலேயே வைத்துக் கட்டி, இரண்டாம் கியரில் மலையிறங்கினோம்.